குடும்பத்திற்கு எத்துணைக் காப்புறுதி?

மனிதன் தன் உடைமைகளைக் காப்பதில் காட்டும் அக்கறையை, அவ்வுடைமைகளை ஈட்டித் தரும் தன் உயிரைக் குறித்துக் காட்டுவதில்லை. வீட்டுக்கு மதில் எழுப்புகிறான். வயலுக்கு வேலி இடுகிறான். தோணியை மணலில் இழுத்துக் கட்டுகிறான். ஆயின், அவ்வீட்டில் நாள்தோறும் அடுப்பு எரிவதற்குக் காரணமான தன் உழைப்பு ஒருநாள் திடீரென நின்றுபோனால், மனைவி மக்களின் கதி யாதாகும் என்று அவன் கணக்கிட்டுப் பார்ப்பது அரிது. அக்கணக்கைப் போடுவது எவ்வாறு, போட்டபின் எத்தகைய ஆயுட் காப்புறுதியைத் தெரிந்துகொள்வது என்பனவே இப்பேச்சின் பொருளாகும்.

அம்பாறைக் கரையோரத்திலே மருதமுனை, கல்முனை, சாய்ந்தமருது, நிந்தவூர், அக்கரைப்பற்று என அடுத்தடுத்து அமைந்துள்ள ஊர்களில் வாழும் மக்கள், துன்பம் வந்த வேளையில் ஒருவரை ஒருவர் கைவிடாத பண்புடையோர். ஒரு வீட்டில் மையித்து விழுந்தால், அயலவர் சோறாக்கிக் கொண்டு வருவர். ஜனாஸாச் சங்கம் அடக்கச் செலவை ஏற்கும். பள்ளிவாசல் நிருவாகத்தினர் ஸக்காத்துப் பணத்தில் பங்கு தருவர். குடிமக்கள் கூடி அநாதைப் பிள்ளைகளின் காரியத்தைப் பேசுவர். பெண்கள் மாதந்தோறும் சீட்டுக் கட்டுவர். இத்தனை இருக்கக் காப்புறுதி எதற்கு என்று கேட்பவர் உண்டு. அக்கேள்வி புறக்கணிக்கத்தக்கதன்று.

அதற்கு விடையை 2004ஆம் ஆண்டு டிசம்பர் 26ஆந் திகதியன்று கடலே கூறிவிட்டது. அன்று காலை எழுந்த ஆழிப்பேரலையால் இலங்கையில் மிகக் கூடிய உயிர்களை இழந்தது அம்பாறை மாவட்டம். இம்மாவட்டத்தில் மாத்திரம் இறந்தோர் 10,000க்கு மேற்பட்டோர். அயலவனுக்குச் சோறு கொண்டுவர வேண்டிய அயலவனும் அதே அலையில் போனான். சீட்டுக் கட்டியவளும், சீட்டுப் பிடித்தவளும் ஒரே தெருவில் இருந்தார்கள். உதவும் உள்ளம் குறைந்ததன்று. உதவுவதற்குரிய கைகள் அனைத்தும் ஒரே கரையில் இருந்தமையே குறை. அரசாங்கம் இறந்த ஒருவருக்கு அடக்கச் செலவாக 15,000 ரூபாவும், தப்பியவர்களுக்கு வாரம் ஒன்றுக்குத் தலைக்கு 375 ரூபா பெறுமதியான நிவாரணமும் வழங்கிற்று. அந்நேரத்தில் அது பேருதவியே. எனினும், உழைப்பவனை இழந்த குடும்பத்தின் அடுத்த பதினைந்து ஆண்டுகளை அது தாங்கவில்லை. தாங்குவதற்காகக் கொடுக்கப்பட்டதும் அன்று.

காப்புறுதியின் தத்துவம் இங்கேதான் விளங்குகிறது. ஓர் ஊராருடைய பணத்தை மாத்திரமன்றி, நாடெங்கும், சில வேளைகளில் நாடு கடந்தும் உள்ள பல்லாயிரம் பேருடைய சிறு தொகைகளை ஒன்றுசேர்த்து, அவர்களுள் எவருக்கு இழப்பு நேர்கிறதோ அவருடைய குடும்பத்திற்கு அதிலிருந்து கொடுப்பதே அதன் வழி. 1740களில் ஸ்கொட்லாந்து தேசத்தில் றொபேட் வொலஸ், அலெக்சாண்டர் வெப்ஸ்ரர் என்னும் இரு குருமார், இறந்துபோன குருமாரின் விதவைகளும் பிள்ளைகளும் வறுமைப்படுவதைக் கண்டு, ஆண்டுதோறும் எத்தனை பேர் இறக்கின்றனர், எத்தனை விதவைகள் எஞ்சுகின்றனர் என்று கணக்கெடுத்து, அதற்கேற்ப ஒரு நிதியத்தை அமைத்தனர். எவன் எப்போது இறப்பான் என்பதை இறைவன் ஒருவனே அறிவான். ஆயிரம் பேரில் ஓராண்டில் ஏறக்குறைய எத்தனை பேர் இறப்பர் என்பதை மனிதனும் கணிக்கலாம். அவ்வேறுபாட்டின் மீதே ஆயுட் காப்புறுதி முழுவதும் நிற்கிறது.

இவ்விடத்தில் முஸ்லிம் குடும்பங்களின் உள்ளத்தில் எழும் ஐயம் ஒன்று உண்டு. நாளையை இறைவனிடம் ஒப்படைத்தவனுக்குக் காப்புறுதி எதற்கு, அது மார்க்கத்திற்கு இசைந்ததா என்பதே அது. முயற்சியை விடுவது தவக்குல் ஆகாது. ஒட்டகத்தைக் கட்டிவிட்டுப் பின்னர் இறைவனிடம் பொறுப்பளிக்குமாறு நபிபெருமானார் அறிவுறுத்தியதாக வரும் செய்தியை அறியாதார் இலர். சஃது இப்னு அபீ வக்காஸ் நோயுற்றிருந்தபோது தம் செல்வம் முழுவதையும் தருமஞ் செய்ய விரும்பினார். அதனைத் தடுத்த நபிபெருமானார், வாரிசுகள் பிறரிடம் கையேந்தும்படி விட்டுச் செல்வதினும் அவர்களைத் தன்னிறைவோடு விட்டுச் செல்வதே மேல் எனக் கூறினார் என்பது புகாரி முதலிய ஹதீஸ் நூல்களிற் காணப்படுவது. ஆகவே, குடும்பத்தின் எதிர்காலத்துக்கு ஏற்பாடு செய்வதில் தடையில்லை. தடை இருப்பின் அது ஏற்பாட்டின் முறையில்தான்.

வழக்கமான வணிகக் காப்புறுதியில் வட்டி கலக்கிறது. கொடுப்பது எவ்வளவு, பெறுவது எவ்வளவு என்ற தெளிவின்மை உண்டு. சூதின் சாயலும் தோன்றுகிறது என்பன ஆலிம்கள் பலர் கூறும் காரணங்கள். 1985ஆம் ஆண்டு டிசம்பர் மாதம் ஜித்தாவிற் கூடிய சர்வதேச இஸ்லாமியச் சட்டக் கழகம், நிலையான கட்டணம் பெறும் வணிகக் காப்புறுதி ஆகாதெனவும், உதவும் நோக்கத்தோடு உறுப்பினர் தம்முள் அமைத்துக்கொள்ளும் கூட்டுறவுக் காப்புறுதி ஆகுமெனவும் தீர்மானித்தது. சிரியா தேசத்து அறிஞர் முஸ்தஃபா அஹ்மத் அல் ஸர்க்கா போன்றோர் காப்புறுதியை ஆகுமெனக் கருதியதும் உண்டு. எனினும், பெரும்பாலோர் ஏற்ற வழி தகாஃபுல் எனப்படும் கூட்டுறவு முறையே. சூடானில் 1979ஆம் ஆண்டிலும், மலேசியாவில் 1984ஆம் ஆண்டின் தனிச் சட்டத்தாலும் அது வேரூன்றிற்று. இலங்கையில் 1999ஆம் ஆண்டில் அமானா தகாஃபுல் தோன்றியதன் பின்னர் அது கரையோர ஊர்களுக்கும் அறிமுகமாயிற்று.

தகாஃபுல் என்ற பெயர் மட்டும் போதாது. மூன்று கேள்விகளுக்கு விடை பெறுதல் வேண்டும். உறுப்பினர் நன்கொடையாகச் செலுத்தும் நிதி, நிறுவனத்தின் சொந்தப் பணத்திலிருந்து பிரித்து வைக்கப்பட்டுள்ளதா? நிறுவனம் தன் சேவைக்காக எடுத்துக்கொள்ளும் கட்டணம் எவ்வளவு? ஆண்டிறுதியில் எஞ்சும் மிகுதி யாருக்குச் சேரும்? இம்மூன்றையும் எழுத்தில் காட்டக்கூடிய நிறுவனமும், அதன் முதலீடுகளை மேற்பார்வை செய்யும் ஆலிம்களின் சபையும் இருந்தாற்றான் பெயருக்கும் பொருளுக்கும் பொருத்தம் உண்டாகும்.

இனி, எத்துணைத் தொகை வேண்டும் என்ற கேள்விக்கு வருதல் தகும். பெரும்பாலோர் செய்வது யாதெனின், மாதம் இவ்வளவு கட்ட முடியும் என்று தொடங்கி, அதற்குக் கிடைக்கும் தொகையைப் பெற்றுக்கொள்வதாகும். இது சட்டையை முதலில் தைத்துவிட்டுப் பின்னர் ஆளை அளப்பது போன்றது. அளவு குடும்பத்திலிருந்து தொடங்க வேண்டும்.

அக்குடும்பம் கிழக்குக் கரையின் குடும்பமாயிருப்பின், அதற்கேயுரிய இயல்பு ஒன்றும் உண்டு. இப்பிரதேசத்தில் மாப்பிள்ளை பெண் வீட்டில் வந்து வாழ்வதும், வீடு பெண்ணுக்குச் சீதனமாய் எழுதப்படுவதும் நெடுங்கால வழக்கம். ஆதலின், கணவன் இறந்தாலும் மனைவிக்குக் கூரை போய்விடுவதில்லை. நகரங்களில் வாடகை வீட்டில் வாழும் விதவைக்கு வரும் அச்சம் இங்கே குறைவு. ஆனால், அதன் மறுபக்கம் கடுமையானது. தந்தையின் வாழ்நாள் உழைப்பின் பெரும் பகுதி, மகளுக்கு ஒரு வீடு கட்டுவதில் செல்கிறது. அத்திவாரம் இட்ட வீடு சுவர் மட்டத்தில் நிற்கையில் வாப்பா மறைந்தால், அச்சுமை மூத்த மகனின் தலையில் விழுகிறது. அவன் படிப்பை நிறுத்திவிட்டுக் கட்டாருக்கோ சவூதிக்கோ போகிறான். தங்கைகளுக்கு வீடு முடியும்வரை தன் மணத்தையும் ஒத்திவைக்கிறான். எனவே, இக்கரையில் ஒரு தந்தையின் உயிருக்குக் காப்பு எடுப்பது, மகளின் வீட்டுக்கும் மகனின் படிப்புக்கும் காப்பு எடுப்பதாகும்.

விளக்கத்திற்காக ஒரு குடும்பத்தைக் கற்பனை செய்துகொள்ளலாம். தந்தை சந்தையில் சிறு கடை வைத்திருக்கிறார். மனைவி தையல் வேலையால் மாதம் 15,000 ரூபா ஈட்டுகிறார். ஒரு மகன், இரு மகள்மார். கடைசிப் பிள்ளைக்கு வயது 7. தந்தையின் வாப்பா இறந்துவிட்டார். உம்மா இளைய மகள் வீட்டில் இருக்கிறார். குடும்பச் செலவு மாதம் 80,000 ரூபா. தந்தையின் சொந்தச் செலவு 15,000 ரூபாவைக் கழித்தால் 65,000. மனைவியின் வருமானத்தையும் கழித்தால் 50,000. இதுவே தந்தை இல்லாதபோது மாதந்தோறும் விழும் பள்ளம். ஆண்டுக்கு 6 இலட்சம். கடைசிப் பிள்ளை 22 வயதை அடையும்வரை 15 ஆண்டுகளுக்கு 90 இலட்சம். கடைக் கடன் 3 இலட்சம். அடக்கச் செலவு 1 இலட்சம். நோய் முதலியவற்றுக்குக் கையிருப்பு 4 இலட்சம். மகளின் வீட்டை முடிக்க 25 இலட்சம். ஆகக் கூடுதல் 123 இலட்சம். இதிலிருந்து கடைச் சரக்கின் பெறுமதி 15 இலட்சத்தையும், சேமிப்பு 8 இலட்சத்தையும் கழித்தால் எஞ்சுவது 100 இலட்சம், அதாவது ஒரு கோடி ரூபா. இக்குடும்பத்திற்கு வேண்டிய காப்பு அதுவே.

ஒரு கோடி என்றதும் திகைப்பு உண்டாகலாம். ஆயின், பத்து இலட்சத்துக்குப் பத்திரம் ஒன்றை எடுத்துவிட்டுக் கடமை முடிந்ததென மகிழும் தந்தை, தம் குடும்பத்தின் இருபது மாதச் செலவைத்தான் காத்திருக்கிறார் என்பதை இக்கணக்குக் காட்டுகிறது. மேலும், விலைவாசி நிலையாக நிற்பதன்று. 2022ஆம் ஆண்டு செப்டெம்பரில் கொழும்பு நுகர்வோர் விலைச் சுட்டெண் ஓராண்டில் ஏறத்தாழ 70 சதவீதம் உயர்ந்தது. அதற்கு முன் எடுத்த காப்பின் தொகை தாளில் மாறவில்லை. அதனால் வாங்கக்கூடிய அரிசி குறைந்துபோயிற்று. ஆதலின், மூன்று ஆண்டுகளுக்கு ஒரு முறையாவது இக்கணக்கை மீண்டும் போட்டுப் பார்த்தல் இன்றியமையாதது.

கழிக்கத் தக்கவை எவை என்பது தொழிலுக்குத் தொழில் வேறுபடும். அரசாங்க ஆசிரியர் ஒருவர் இறப்பின், விதவைகள் அநாதைகள் ஓய்வூதியம் அவர் குடும்பத்துக்கு மாதந்தோறும் வரும். 1898ஆம் ஆண்டிலேயே சட்டமாக்கப்பட்ட பழைய ஏற்பாடு அது. அவருக்கு வேண்டிய காப்பு, அதே வருமானமுள்ள வணிகருக்கு வேண்டியதிலும் குறைவே. தனியார் நிறுவனத்தில் வேலை செய்பவருக்கு, 1958ஆம் ஆண்டின் சட்டப்படி ஊழியர் 8 சதவீதமும் தொழில் கொள்வோர் 12 சதவீதமும் செலுத்தும் ஊழியர் சேமலாப நிதி உண்டு. 1980ஆம் ஆண்டில் வந்த ஊழியர் நம்பிக்கை நிதியும் உண்டு. வயல் செய்வோருக்கு 1987ஆம் ஆண்டிலும், மீன்பிடிப்போருக்கு 1990ஆம் ஆண்டிலும் ஓய்வூதியச் சட்டங்கள் வகுக்கப்பட்டன. அவற்றிற் சேர்ந்தோர், தமக்கு இன்று உள்ள உரித்து எவ்வளவு என்று உரிய அலுவலகத்திற் கேட்டறிந்து, அத்தொகையை மாத்திரமே கணக்கிற் சேர்த்தல் வேண்டும். வெளிநாட்டு வேலைவாய்ப்புப் பணியகத்திற் பதிந்து செல்வோருக்கும் காப்புறுதி உண்டெனினும், அது குறித்த காலத்துக்குரியது. காலம் முடிந்தும் பதிவைப் புதுப்பியாது வேலை செய்வோர் அதனை நம்பியிருத்தல் ஆகாது.

கைத்தறியிலும், தையலிலும், ஆசிரியத் தொழிலிலும் உழைக்கும் பெண்கள் இக்கரையிற் பலர். அன்னார் ஈட்டும் பணத்துக்கும் காப்பு வேண்டும். ஈட்டாத தாயின் உழைப்புக்கும் பெறுமதி உண்டு. அவர் மறைந்தால் சிறு பிள்ளைகளைப் பார்ப்பதற்கு ஒருவர் தேவைப்படுவார். மாறாக, பிள்ளையின் பெயரிற் பத்திரம் எடுத்துத் தந்தையைக் காப்பின்றி விடுவது தலைகீழான செயலாகும். ஈட்டுபவரே முதலிற் காக்கப்பட வேண்டியவர்.

காப்பின் வகைகள் பலவாகத் தோன்றினும், அடிப்படையில் இரண்டே. குறித்த காலத்துக்குள் இறந்தால் மாத்திரம் பணம் தருவது ஒன்று. காலம் முடியும்வரை உயிரோடிருந்தால் சேமிப்பாகத் திருப்பித் தருவது மற்றொன்று. முதலாவதில், உயிரோடிருப்பவர் எதையும் பெறுவதில்லை. ஆதலின் கட்டணம் மிகக் குறைவு. இரண்டாவதில், கட்டணத்தின் பெரும் பகுதி சேமிப்புக்குச் செல்கிறது. ஆதலின் அதே காப்புத் தொகைக்குப் பன்மடங்கு கட்ட நேரிடும். கட்டிய பணம் வீணாகிவிடுமே என்ற எண்ணத்தால் பலர் முதலாவதை வெறுக்கின்றனர். தீப்பற்றாத வீட்டுக்குக் கட்டிய காப்புறுதியை எவரும் வீண் என்று வருந்துவதில்லை. சிறு வருமானமும் சிறு பிள்ளைகளும் உடையோர், வேண்டிய அளவு காப்பைக் குறித்த கால முறையில் எடுத்து, சேமிப்பைத் தனியே வைப்பதே தக்கது. கையில் மிகுதி உள்ளவர் இரண்டையும் சேர்க்கலாம்.

கட்டணம் செலுத்தும் முறையும் தொழிலோடு பொருந்த வேண்டும். பெரும்போகத்திலும் சிறுபோகத்திலும் பணம் காணும் கமக்காரர் மாதத் தவணையை ஏற்பது இடர். அறுவடையை ஒட்டிய அரையாண்டுத் தவணையே அவருக்கு உகந்தது. வாடைக் காலத்திற் கடலுக்குப் போக முடியாத மீனவர், பருவத்திலேயே அக்காலத்துக்கான தொகையை ஒதுக்கி வைத்தல் வேண்டும். சேமிப்போடு கூடிய பத்திரத்தை முதலிரண்டு ஆண்டுகளுக்குள் விட்டுவிட்டால் கட்டியதிற் பெரும்பாலும் ஏதும் திரும்புவதில்லை. தொடர்ந்து தாங்கக்கூடிய சிறு சுமை, இடையில் இறக்கிவைக்கும் பெருஞ்சுமையிலும் மேலானது.

பத்திரம் எழுதும் நாளில் இரண்டு தவறுகள் நேர்கின்றன. முகவர் உறவினராகவோ, பழைய மாணவராகவோ இருப்பார். முகதாட்சணியத்துக்காக, படியாமலே கையொப்பம் இடப்படும். மற்றையது, நீரிழிவு, இரத்த அழுத்தம், புகைப் பழக்கம் முதலியவற்றை மறைப்பது. கட்டணம் சிறிது குறைவதற்காக மறைத்த நோய், பின்னாளில் விதவையின் கோரிக்கையை நிராகரிப்பதற்குக் காரணமாகும். வினாப்பத்திரத்தைத் தமிழில் விளங்கிக்கொண்டு, ஒவ்வொரு விடையையும் தாமே சரிபார்த்து, அதன் பிரதியொன்றைப் பெற்றுக்கொள்ளல் வேண்டும். 2000ஆம் ஆண்டின் 43ஆம் இலக்கச் சட்டத்தின் கீழ்க் காப்புறுதி நிறுவனங்களைக் கண்காணிக்க ஒழுங்குபடுத்தும் ஆணைக்குழு உண்டு. குறைகளைக் கேட்கும் அதிகாரியும் உண்டு. உண்மையை உரைத்தவருக்கே அவ்வாயில்கள் பயன்படும்.

இறுதியாக, பணம் யாருடைய கைக்குப் போகும் என்பது. பத்திரத்தில் மனைவியின் பெயர் பின்னுரித்தாளராக எழுதப்பட்டிருப்பின், முழுத் தொகையும் அவளுடையதாகும் எனப் பலர் எண்ணுவர். ஆலிம்கள் பலருடைய கருத்தில், அவள் அதனைப் பெற்று வாரிசுகளுக்குப் பங்கிடும் பொறுப்பாளி மாத்திரமே. அதனை நிபந்தனையோடு கூடிய அன்பளிப்பாகக் கொள்வோரும் உளர். மலேசியாவின் 2013ஆம் ஆண்டுச் சட்டம் இருவகைக்கும் இடமளிக்கிறது. முன்னர்க் கூறிய குடும்பத்தையே மீண்டும் எடுத்துக்கொண்டால், ஒரு கோடியிற் கடனும் அடக்கச் செலவும் 4 இலட்சம் போக, 96 இலட்சம் எஞ்சும். அது வாரிசுப் பங்காயின், மனைவிக்கு எட்டில் ஒன்று, 12 இலட்சம்; உம்மாவுக்கு ஆறில் ஒன்று, 16 இலட்சம்; மகனுக்கு 34 இலட்சம்; மகள்மார் ஒவ்வொருவருக்கும் 17 இலட்சம். மகன் இல்லாத குடும்பமாயின், இறந்தவரின் சகோதரரும் பங்குக்கு உரியவராவர். இதில் அநீதி எதுவுமில்லை. உம்மாவின் முதுமையும் பிள்ளைகளின் வாழ்வும் கருதப்பட்ட பங்கீடு அது. ஆனால், முழுத் தொகையும் ஒரே அடுப்புக்கு வருமென்று போட்ட கணக்கு அங்கே பிழைத்துவிடும். சகோதரி வீட்டில் இருக்கும் உம்மாவின் பங்கு அவ்வீட்டுக்கே செல்லும். ஆகவே, பின்னுரித்தாளரின் நிலை யாது என்பதை நிறுவனத்திடம் எழுத்திற் பெற்று, நம்பிக்கைக்குரிய ஆலிம் ஒருவரிடமும் கேட்டு, அதற்கேற்பத் தொகையைக் கூட்டுவதோ, உயிரோடிருக்கையிலேயே வேறு ஏற்பாடு செய்வதோ அறிவுடைமையாகும்.

இவை யாவும் முடிந்த பின்னும், மனைவி அறியாத பத்திரம் இல்லாத பத்திரமே. கணவன் இறந்தபின் நான்கு மாதமும் பத்து நாளும் இத்தாவில் இருக்கும் பெண், அலுவலகம் அலுவலகமாய்த் திரிந்து தேட இயலாது. பத்திரத்தின் இலக்கம், நிறுவனத்தின் பெயர், கடன் கொடுக்கல் வாங்கல், பிறப்புச் சான்றிதழ்கள் ஆகியவற்றின் விவரத்தை ஒரு தாளில் எழுதி அவளிடம் ஒன்றும், கரையிலிருந்து விலகிய ஊரில் வாழும் உறவினரிடம் ஒன்றுமாக வைத்தல் நலம். ஆழிப்பேரலையில் ஆட்களோடு பத்திரங்களும் போயின. காணாமற் போனோரின் மரணத்தைப் பதிவதற்கே 2005ஆம் ஆண்டில் தனிச் சட்டம் வேண்டியதாயிற்று.

நேயர்கள் இன்றிரவே ஒரு தாளை எடுத்து, மாதச் செலவு, பிள்ளைகளின் வயது, கடன், கையிருப்பு என்னும் நான்கையும் மனைவியோடு உட்கார்ந்து எழுதிப் பார்ப்பாராயின், எத்துணைக் காப்பு வேண்டும் என்பது தானே விளங்கும். எடுப்பதா, எவரிடம் எடுப்பதா என்பவற்றை அதன் பின்னர் ஆறுதலாய்த் தீர்மானிக்கலாம்.